ஆவுடையம்மாளின் கடைசி அபிப்பிராயம்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆவுடையம்மாள் முகத்தைத் துடைத்து, இரண்டு கண்களுக்கும் கீழே கண்ணீர்த் திரியை ஒட்டிக்கொண்டு, தொடர் பார்க்க உட்கார்ந்தாள்.

செவ்வாய் கிரகத்தில் இது எல்லா வீடுகளிலும் நடப்பதுதான். ஊருக்குப் புதுப்பொருநை என்று பெயர் வைத்திருந்தார்களே தவிர அங்கே ஆறும் இல்லை, ஓடையும் இல்லை. மண்ணுக்கு அடியில் உறைந்து கிடக்கும் பனியைச் சுட்டு எடுக்கிற தண்ணீர்தான். அழுகிறவர்களை அழாதே என்று சொல்ல நிர்வாகத்துக்கு மனம் வரவில்லை. அழுத தண்ணீரையாவது வீணாக்காதீர்கள் என்று வீட்டுக்கு ஒரு பெட்டி திரி கொடுத்தது. ஊறிய திரியைச் சமையலறைத் தொட்டியில் போட்டால் உப்பும் அழுக்கும் பிரிந்து நல்ல தண்ணீராகிவிடும். அப்படியும் பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் ஆவுடையம்மாள் வீட்டு ரசத்தைத் தொடமாட்டார்.

அவள் பார்த்ததெல்லாம் பூமியில் இருநூறு வருஷத்துக்கு முன்னால் எடுத்த ஜோடித் தொடர்கள். தாய்லாந்து, தைவான், ஜப்பான், கொரியா என்று பல தேசத்தவை. எல்லாவற்றிலும் இரண்டு பையன்கள் ஒருவரை ஒருவர் காதலிப்பார்கள், சொல்லமாட்டார்கள், மழையில் நனைவார்கள், பிரிவார்கள், சேர்வார்கள். நடித்தவர்கள், எடுத்தவர்கள், அன்றைக்குப் பார்த்து அழுதவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆவணக் கிடங்கிலிருந்து வாரம் ஒரு பகுதியாக எடுத்து ஒளிபரப்பினார்கள். அது முடிந்ததும், ஊரை மூடியிருக்கும் குவிமாடத்தின் வானொலியில் ‘பார்வையாளர் நேரம்’. அதில் ஆவுடையம்மாளின் அபிப்பிராயத்தைக் கேட்கத்தான் ஊரின் நாலாயிரம் பேரும் காத்திருப்பார்கள்.

“தாய்லாந்துக்காரனுக்குக் காதலைச் சொல்லப் பத்து வாரம் ஆவுது. நடுவுல பையிலேருந்து ஒரு சோப்பை எடுத்து அதோட வாசனையை வருணிக்க அரை நிமிசம் ஆவல. கொரியாக்காரன் எட்டே வாரத்துல முடிச்சிருதான். பந்தியில எலையத் தொடைக்கதுக்குள்ள கையக் கழுவுன்னு எழுப்பி விட்ட மாதிரி இருக்கு. ஜப்பான்காரன் தேவல. ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்க நேரம் ஜன்னலைப் பாக்காம்.”

போன மாதம் ஒரு முத்தக்காட்சியைப் பற்றி, “ரெண்டு பலகையச் சேத்து வச்ச மாதிரி இருந்தது, இதுக்கு அந்தக் கேமரா மூணு சுத்துச் சுத்துது” என்று அவள் சொன்னபோது குவிமாடமே சிரித்தது.

சிரிப்பு மட்டும் இல்லை. ஒரு வாரம் அவள் குரல் கம்மச் சொன்னாள்: “ஒளிச்சு ஒளிச்சு ஆசை வச்சிருக்க புள்ளைகளுக்கு ஊரெல்லாம் வேண்டாம். வீட்ல ஒருத்தர், எனக்குத் தெரியும்லே, வா சாப்பிடுன்னு சொன்னாப் போதும்.”

அதைக் கேட்டுத் தன் வேலை மேஜையில் தலை கவிழ்ந்து அழுதவன் அவளுடைய ஒரே மகன் இசக்கிமுத்து. வயது முப்பத்துநாலு. கீரைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஜெபசிங்கை அவன் நாலு வருஷமாகக் காதலிக்கிறான்.

இசக்கிக்கு வேலை இதமி பழுதுபார்ப்பது. இதமி என்பது துவரம்பருப்பு அளவுக் கருவி. அறுபது வயது தாண்டியவர்களுக்குக் காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பொருத்துவார்கள். அடைத்த குவிமாடத்தில் சண்டை மூண்டால் கோபித்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது, வெளியே காற்று கிடையாது. அதனால் அடுத்தவர் சொல்லும் சொல் மனதைப் புண்படுத்தும் என்று கேட்பவரின் நாடித்துடிப்பிலிருந்து தெரிந்தால், இதமி அந்த வாக்கியத்தை இதமாக மாற்றி, பேசியவரின் குரலிலேயே காதுக்குக் கொடுத்துவிடும். “உங்கள் சாம்பார் கழுநீர்” என்று மருமகள் சொன்னால், “இன்றைக்குச் சாம்பார் லேசாக இருக்கிறது” என்று மாமியாருக்குக் கேட்கும். இந்தச் சாமர்த்தியத்தை இதமிக்குக் கற்றுக்கொடுக்க, இருபத்தொன்றாம் நூற்றாண்டு வீடுகளின் பேச்சுப் பதிவுகளைத்தான் பயன்படுத்தினார்களாம். அந்த வீடுகளில் யார் காதிலும் எந்தக் கருவியும் இருக்கவில்லை.

இசக்கி இரண்டு வருஷத்தில் மூன்று முறை அம்மாவிடம் சொல்லியிருந்தான். மூன்று முறையும் அவன் சொன்னது, “எம்மா, ஜெபசிங்கும் நானும் ஒருத்தரை ஒருத்தர் விரும்புதோம்.” மூன்று முறையும் அவள் அன்பாகச் சிரித்தாள். “நல்ல சிநேகிதன் கெடைக்கது கஷ்டம்யா. சரி, சாப்பிடு. ஆறிரும்.”

இசக்கிக்கு வலித்தது, ஆனால் அம்மா மேல் கோபம் வரவில்லை. தொடர் பார்க்கும் ஒரு மணி நேரம் மட்டும் இதமியை அணைத்துவைப்பது பெரியவர்கள் பலரின் வழக்கம். அம்மாவும் அப்படித்தான் பார்க்கிறாள், தொடர் முடிந்ததும் போட்டுக்கொள்கிறாள், தான் சொன்னது அந்தப் பருப்புக்குள் போய்ச் சிநேகிதமாகிவிடுகிறது என்று நினைத்தான். அம்மா காது வரை போய்ச் சேர்ந்தால் போதும், அவள் புரிந்துகொள்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வானொலியில் அவள் பேசுவதை நாலாயிரம் பேர் கேட்கிறார்களே!

நாலாவது முறை சொல்ல வேண்டி வந்தது. குடும்பம் இல்லாத தனியாட்கள் மூன்று வேலை ஒப்பந்தக் காலத்துக்கு மேல் புதுப்பொருநையில் தங்கக் கூடாது. ஜெபசிங்கை வியாழனின் நிலவில் இருக்கும் குடியிருப்புக்கு மாற்றிவிட்டார்கள். போய்ச் சேரவே ஆறு வருஷம். ஒரு குடும்பத்தில் சேர்ந்துவிட்டால் போக வேண்டாம். ஆணும் ஆணும் என்பதில் சட்டத்துக்கு ஆட்சேபம் இல்லை, அது மாறி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சட்டத்தின் கவலை எல்லாம் காற்றைப் பற்றித்தான். ஒரு வீட்டில் புதிதாக ஒரு மூச்சு சேர வேண்டுமானால், வீட்டுப் பெரியவர் காற்று அலுவலகத்துக்கு நேரில் வந்து தன் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும்.

“எம்மா, அவனைப் பத்து நாள்ல அனுப்பிருவாங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா அவன் நம்ம வீட்ல இருப்பான். என் கூட. சாவுற வரைக்கும்.”

ஆவுடையம்மாள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். “அடப்பாவமே. அம்புட்டு தூரமா? ஒன் சிநேகிதனுக்குக் கொஞ்சம் பருப்புப் பொடி அரைச்சுத் தாரேன், கொண்டு குடு. சரிய்யா, சாப்பிடு. ஆறிரும்.”

மறுநாள் ஜெபசிங் கேட்டான். “சொன்னியாடே?”

“சொன்னேன். அந்த மிஷின் மாத்திருது.”

“நீதான அந்த மிஷினுக்கு டாக்டரு?”

பிறருடைய இதமியை அவர் அறியாமல் திறப்பது குற்றம். வேலை போகும். இசக்கி அன்று மதியம் அம்மா கண்ணயர்ந்திருந்தபோது வாசிப்புக் கருவியை அவள் காதருகில் பிடித்தான். ஜெபசிங் விஷயத்தில் மட்டும் மென்மையைக் குறைத்துவைப்பது என்பது அவன் திட்டம். குறைக்க ஒன்றும் இருக்கவில்லை. இதமி அணைந்து கிடந்தது. அணைத்த தேதியைப் பார்த்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு ஐம்பத்தைந்து. முதல் தாய்லாந்துத் தொடர் தொடங்கிய நாள். தொடரை உள்ளது உள்ளபடி பார்க்க வேண்டும் என்று அணைத்தவள், பிறகு அதைப் போடவே இல்லை.

ஆக, அவன் சொன்ன நாலு முறையும் அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது.

அந்தச் சின்னப் பச்சை எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு இசக்கி அம்மாவின் கட்டிலோரம் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். ஒரு மிஷினைத் திட்டிக்கொண்டு இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டான். இனிமேல் திட்ட ஒன்றும் இல்லை. எழுப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் நிஜமாகவே ஏதாவது பதில் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

பத்தாம் நாள் ஜெபசிங் பருப்புப் பொடி டப்பாவோடு கப்பலேறினான். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டப்பாவைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கப்பல் உடனே போய்விடவில்லை. மற்றக் குடியிருப்புகளின் ஆட்களும் வந்து சேரும்வரை நாற்பது நாள் மேலே சுற்றுப்பாதையில் நிற்கும். அதுவரை சம்மதம் பதிவானால் ஆளை இறக்கிவிடுவார்கள்.

அன்று முதல் இசக்கி வானொலியைத் திறக்கவில்லை. வீட்டில் அம்மா தினமும் கேட்டாள். “ஒன் சிநேகிதனுக்கு மேல எடமெல்லாம் வசதிதானாய்யா?” ஒவ்வொரு முறையும் அந்தச் சிநேகிதன் என்ற சொல் அவன் நெஞ்சில் போய்க் குத்தியது. பதினைந்தாம் நாள் அவனால் தாங்க முடியவில்லை. பழுதுபார்க்கும் அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, தன் காதுக்குப் பின்னால் தானே ஒரு இதமியைப் பொருத்திக்கொண்டான். மென்மையை ஐந்தாம் படியில் வைத்தான். அதற்குமேல் படி கிடையாது. அந்தப் படியில் இதமி வெறுமனே மென்மையாக்காது, கேட்பவர் ஏங்குவதையே சொல்லும். ஏதாவது வேண்டும் என்றால் மட்டும் பேசுகிற மகன், “எப்பா, ஒங்க ஞாபகமாவே இருக்கு” என்று சொல்வதாக ஒரு பெரியவர் தினமும் பூரித்துப் போவதை அவனே பார்த்திருக்கிறான். பாவம் என்று நினைத்திருக்கிறான்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு தைவான் தொடரின் கடைசிப் பகுதி. மகனின் காதலனை முதல் வாரத்திலிருந்தே “உன் வகுப்புத் தோழன்” என்று கூப்பிட்டுவந்த தாய் ஒருத்தி அதில் இருந்தாள். காதலன் வேறு தேசம் போகிற நாளில் மனம் மாறி விமான நிலையத்துக்கு ஓடுகிறாள். விமானம் போய்விட்டது. மகன் அவளைத் திரும்பிப் பார்த்து, “பரவாயில்லை அம்மா, வாருங்கள், சாப்பிடலாம்” என்கிறான். தொடர் அதோடு முடிந்தது.

வானொலியில் ஆவுடையம்மாள் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தாள். “இந்தத் தாயை எழுதுனவனுக்குக் கொஞ்சமாவது கூறு இருக்கா? பதினோரு வாரமா இவளுக்குத் தெரியலையாம். எந்த ஊர்லயாவது பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமா? தெரியும். நல்லாத் தெரியும். தெரிஞ்சே…”

அதற்குமேல் சத்தம் வரவில்லை. குவிமாடம் முழுவதும் காத்திருந்தது. அறிவிப்பாளர், “அம்மா, இருக்கீங்களா?” என்று இரண்டு தரம் கேட்டார்.

“இருக்கேன்” என்றாள். “இந்த வாரம் எனக்கு அபிப்பிராயம் ஒண்ணும் இல்லய்யா. இனிமேலும் இருக்காது.”

இசக்கி ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தான். அவள் தட்டு வைக்கவில்லை. எதிரே வந்து நின்றாள். கண்ணுக்குக் கீழே திரி இல்லை, கண்ணீர் தாடை வரை வழிந்து வீணாகிக்கொண்டிருந்தது.

“இசக்கி, அவன் இன்னும் மேலதான நிக்கான்? எறங்கி வரச் சொல்லு. எனக்கு மொதல்லயிருந்தே தெரியும்யா. ஊரு என்ன சொல்லுமோன்னு தெரியாத மாதிரி இருந்துட்டேன். தொடர்ல வாரவனுக்கெல்லாம் அழுதேன், பெத்த புள்ளையப் பட்டினி போட்டுட்டேன். நாளைக்குக் காலையில ஆபீசுக்குப் போவோம். நான் சம்மதம் சொல்லுதேன். அவன் ஒன் வீட்டுக்காரன்யா.”

இசக்கி அவள் முகத்தையே பார்த்தான். அதே குரல். வாக்கிய முடிவில் வருகிற சின்ன இருமல்கூட அப்படியே. இதமி இவ்வளவு நேர்த்தியாக வேலை செய்யும் என்று பழுதுபார்க்கிற அவனுக்கே இத்தனை நாள் தெரியவில்லை. அவளுடைய அழுகை தொடருக்கானது என்று அவனுக்குத் தெரியும், வெள்ளிக்கிழமை ஆயிற்றே! நிஜத்தில் சிநேகிதனுக்கு வசதியெல்லாம் எப்படி என்றுதான் கேட்டிருப்பாள். அம்மாவின் தோளைத் தொட்டு, அன்பாகச் சிரித்தான்.

“சரிம்மா. சாப்பிடுவோம். ஆறிரும்.”

மறுநாள் காலை அவன் வேலைக்குக் கிளம்பியபோது ஆவுடையம்மாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இன்று சனிக்கிழமை, தொடர் பார்ப்பவர்களின் கூட்டம் எதற்காவது கிளம்பியிருப்பாள் என்று நினைத்து, “வாரேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான். விடுப்புச் சொல்லிவிட்டு வருவான் என்று அவள் மதியம் வரை அங்கேயே இருந்தாள். பிறகு உள்ளே போய்ச் சேலையை மடித்துவைத்தாள். பிள்ளை மனதை மாற்றிக்கொண்டுவிட்டான், இனிமேல் அதைக் கிளறி அவனை நோகடிக்கக் கூடாது என்று முடிவு செய்து, அப்புறம் ஜெபசிங் என்ற பெயரையே அவள் எடுக்கவில்லை. நாற்பதாம் நாள் கப்பல் போய்விட்டது.

தான் மாற்றிய வாக்கியங்களை எல்லாம் நாள்வாரியாகக் குறித்து வைத்திருப்பது இதமியின் வழக்கம். திறந்து பார்க்க அரை நிமிஷம் போதும். அம்மாவுடையதைத் திறந்த இசக்கி தன்னுடையதை இன்றுவரை திறக்கவில்லை. நமக்கும் அப்படித்தான், அடுத்தவர் காதைப் பற்றித்தான் சந்தேகம். அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரே அதில், மாற்றிய வாக்கியங்கள் என்ற இடத்தில், ஒரு பூஜ்யம் இருக்கிறது.