சுவரில் இல்லாத புள்ளி

படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. சுவரில் இல்லை.

லோகப்பிரியா எழுந்து போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். குடிவருவதற்கு முன் வீட்டுக்காரர் அடித்துக் கொடுத்த வெள்ளை, உள்ளங்கையில் மாவுபோல் ஒட்டியது. கறை இல்லை, ஆணி அடித்த ஓட்டை இல்லை, பல்லியும் இல்லை. அப்படியானால் கேமராவுக்குள் தூசி. பழைய கேமராவை வாங்குமுன் இப்படித்தான் சோதிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தாள். வெள்ளைச் சுவருக்கு எதிரே ஸ்டாண்டில் நிறுத்தி, லென்சின் துவாரத்தை முடிந்தமட்டும் சுருக்கி ஒரு படம் எடுக்க வேண்டும். மற்ற நேரம் ஒளிந்திருக்கும் தூசியெல்லாம் அப்போது கறுப்பாக வந்து நிற்கும்.

கேமரா சுரேந்தருடையது. கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன். புதிய மாடலுக்கு மாறிவிட்டதால் பழையதை விற்கிறான். "ரெண்டு நாள் வெச்சுப் பாருங்கக்கா. புடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துப்போடுங்க" என்று பையோடு கொடுத்துவிட்டுப் போயிருந்தான். சூலூர்க் குளத்துக்கு வரும் பறவைகளை எடுக்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு ஆசை. மகன் மிதுனுக்கு எட்டு மாதம். இப்போதுதான் ஆசைக்குக் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தது.

அன்று சோமனூரில் பராமரிப்புக்காக மின்தடை. தெருவை இரவும் பகலும் தடதடக்க வைக்கும் விசைத்தறிகள் காலையிலேயே நின்றுவிட்டன. குடிவந்த நாளிலிருந்து தறிச் சத்தம் இல்லாமல் இந்த வீட்டை அவள் கேட்டதில்லை. அந்தச் சத்தத்துக்கு அடியில் வீட்டுக்கென்று இத்தனை சத்தங்கள் இருப்பது இன்றுதான் தெரிந்தது. வெயிலில் தண்ணீர்த் தொட்டி நெட்டி முறிப்பது, காலண்டர் தாள் சுவரில் உரசுவது, சேலைத் தொட்டில் தொங்கும் இரும்புக் கொக்கி கிரீச், கிரீச் என்று தேய்வது. ஃபேன் இல்லாமல் அறைக்குள் பிள்ளை வெந்துபோவான் என்று ஹாலில், அந்த வெள்ளைச் சுவரின் வலதுகோடியில், ஜன்னலோரமாகத் தொட்டிலைக் கட்டியிருந்தாள். மிதுன் தூங்கிக்கொண்டிருந்தான். புளித்த பாலும் பவுடரும் கலந்த வாசனை அசையாமல் நின்றது.

இன்னொரு படம் எடுத்தாள். வெளிச்சம் போதாததால் ஒவ்வொரு படமும் பதியச் சில நொடிகள் பிடித்தன. பொத்தானை அழுத்தினால் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். கண் வைத்துப் பார்க்கிற துளை இருண்டுவிடும். படம் முடிந்ததும் கண்ணாடி டப்பென்று விழும், சுவர் திரும்ப வரும். படம் பதிகிற நேரத்தில் மட்டும் எடுப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

முதல் படத்தில் இடது மேல்மூலையில் இருந்த புள்ளி, இப்போது நடுவில் இருந்தது.

மூன்றாவது படத்தில் இன்னும் கீழே, இன்னும் வலதாக. பெரிதாக்கிப் பார்த்தாள். தூசி என்றால் விளிம்பு கலைந்திருக்கும். இதற்கு விளிம்பு தெளிவாக இருந்தது. மேலே உருண்டை. அதற்குக் கீழே ஒடுக்கம். அதற்கும் கீழே அகலம்.

மூன்றையும் சுரேந்தருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்.

"ஏனுங்கக்கா, கேமராவ மாவு மில்லுலயா வெச்சிருந்தீங்க?"

"உங்க பையில இருந்துதானுங்க தம்பி எடுத்தேன். தூசின்னா ஒரே எடத்துலதான நிக்கோணும்? இது நடக்குதுங்க."

"நடந்தா நல்லதுதானுங்க. அப்படியே நடந்து வெளிய போயிரும்." சிரித்தான். "இருங்க, பக்கத்துலதான் இருக்கறேன். வாரேன்."

வந்ததும் லென்சைக் கழற்றி ரப்பர் பம்பால் ஊதினான். தொட்டிலை எட்டிப் பார்த்து, "தம்பிக்கு வெச்ச திருஷ்டிப் பொட்டு இதுலயும் ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது" என்றான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தான். சுத்தமாக இருந்தது. படம் எடுத்தான். புள்ளி வந்தது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தன் பையிலிருந்து புதிய கேமராவை எடுத்து, அதன் லென்சோடு அதே ஸ்டாண்டில் மாட்டினான். அழுத்தினான். காத்திருந்தான்.

திரையைப் பார்த்தான். பெரிதாக்கினான். தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தான். பிறகு தொட்டிலைப் பார்த்தான்.

"காட்டுங்க தம்பி."

காட்ட மனமில்லாமல் திருப்பினான். படத்தின் வலது ஓரத்தில் அது நின்றது. இப்போது அதைப் புள்ளி என்று சொல்ல முடியாது. சுவரில் ஒட்டியிருக்கவில்லை, சுவருக்கு முன்னால் இருந்தது. தரையில் அதற்கு நிழல் விழுந்திருந்தது.

"உங்க புதுக் கேமராவும் கெட்டுப்போச்சுங்களா?"

"ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது." புதிய கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றிப் பைக்குள் திணித்தான். "அக்கா, புள்ளையத் தூக்கிட்டு வெளிய வந்துருங்க. நான் வாசல்ல நிக்கறேன்."

போனான். செருப்பு மாட்டும் சத்தம். பைக் கிளம்பும் சத்தம். அதுவும் தெருமுனையில் தேய்ந்து போனது.

கிரீச். கிரீச்.

அவள் தொட்டிலை நோக்கிப் போனாள். கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. சேலைக்குள் மகனின் முதுகு உருண்டு தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் சுவரிலும் கண்ணுக்கு எதுவும் தெரிந்ததில்லை. வலது ஓரத்துக்கு வந்துவிட்டது. வலது ஓரத்துக்கு அப்பால் இந்தத் தொட்டில்தான். இப்போது கையை உள்ளே விட்டால் மிதுன் மேல் மட்டும்தான் படுமா? தெரியாமல் தொட முடியவில்லை. பெற்றவளுக்கே முடியவில்லை.

ஒரே ஒரு படம். பார்த்துவிட்டுத் தூக்கிக்கொள்ளலாம்.

பழைய கேமராவை ஸ்டாண்டில் மாட்டித் தொட்டில் பக்கம் திருப்பினாள். துளையில் கண்ணை வைத்தாள். தொட்டில் மெல்ல ஆடியது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். கிரீச். கிரீச்.

அழுத்தினாள்.

இருட்டு.

கொக்கிச் சத்தம் நின்றது.

டப். கண்ணாடி விழுந்தது. தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கிரீச். கிரீச்.

திரையில் படம் வந்தது. ஆடுகிற தொட்டில் இத்தனை நொடியில் புகைபோல் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. சேலையின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது. அத்தனை நேரமும் அதை யாரோ பிடித்து நிறுத்தியிருந்ததுபோல.

தொட்டிலை நோக்கி ஓட நினைத்தாள். மகனைக் கூப்பிட நினைத்தாள். கண் தானாகத் துளைக்குத் திரும்பியது. விரல் பொத்தானிலேயே இருந்தது. அழுந்தியது.

இருட்டு.

சத்தம் நின்றது.

காத்திருந்தாள். கண்ணாடி விழவில்லை. இன்னும் விழவில்லை. நேரம் கடந்துவிட்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கொக்கி பேசவில்லை. மிதுன் மூச்சு விடுகிற சத்தமும் இல்லை.

துளையிலிருந்து முகத்தை எடுத்தாள்.

தொட்டில் சுவரின் பக்கமாகச் சாய்ந்து போயிருந்தது. சாய்ந்தபடியே நின்றது. திரும்பி வரவில்லை. கயிறு விறைத்திருந்தது. சேலையின் வெளிப்புறத்தில், மகனின் முதுகுக்குக் கீழே, இரண்டு இடங்களில் துணி உள்வாங்கியிருந்தது. அடியில் கை கொடுத்துத் தாங்கினால் உள்வாங்குமே, அப்படி.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டில் இன்னும் கொஞ்சம் மேலே போனது.