யாரும் திருப்பிச் சொல்லவில்லை

சித்தப்பா குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. அன்று அதன் கரையில் மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். இருந்தும் அது நடந்தது.

அம்மா துண்டு எடுக்க மேலே கிளம்பினாள். "தம்பியப் பாத்துக்கோங்க" என்றாள். யாரிடம் சொன்னாள்? காற்றிடம்தான். சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்று அப்பா கண்ணை மூடிச் சாய்ந்தார். அண்ணன் இருக்கிறாரே என்று சித்தப்பா போனை எடுத்தார்.

அக்கா கேள்வி குளத்துப் படியில் உட்கார்ந்து கால் நனைத்துக்கொண்டிருந்தாள். வயது பத்து. நச்சரித்துக் கேள்வி கேட்பதால் வீட்டில் அந்தப் பெயர்.

அவளுடைய நாலு வயதுத் தம்பிக்கு வாய் ஓயாது. திடீரென்று அவன் சத்தத்தையே காணோம்.

திரும்பினாள். தண்ணீருக்கு அடியில் மஞ்சள் டிரவுசர் தெரிந்தது. அது அசையவில்லை.

குதிக்கத்தான் துடித்தாள். ஆனால் அவளுக்கும் நீந்தத் தெரியாது. தொண்டை கிழியக் கத்தினாள்.

"அப்பா! தம்பி அடியில கெடக்கான்!"

அப்பா சட்டையோடு குதித்தார். தூக்கி வந்தபோது தம்பியின் உதடு நீலமாக இருந்தது. அப்பா அவன் வாயில் ஊதினார். சித்தப்பா மார்பை அழுத்தினார். ஒருவழியாகத் தம்பி இருமினான்.

மூன்றாம் நாள் காலையில்தான், மருத்துவமனைக் கட்டிலில், "பிஸ்கட் இருக்கா?" என்று கேட்டான்.

வெளியே அப்பா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். "பக்கத்துலயேதானே இருந்தேன்..."

அப்பா ரயில் ஓட்டுபவர். கேள்வி அவர் அருகில் உட்கார்ந்தாள்.

"அப்பா, சிக்னல் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கூட இருக்கறவர் 'பச்சை'ன்னு சொல்வார். நானும் 'பச்சை'ன்னு திருப்பிச் சொல்லணும்."

"சொல்லலேன்னா?"

"நான் சிக்னலப் பாக்கலேன்னு அர்த்தம். சொல்ற வரைக்கும் விடமாட்டார்."

"அம்மா சொன்னப்போ யாருமே திருப்பிச் சொல்லலையேப்பா."

அப்பா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பல மாதங்கள் கழித்து மறுபடி அதே குளம். தம்பி முதல் படியில்தான் நின்றான், அதுவும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. அம்மா எழ வேண்டியிருந்தது. கேள்வி போய் அப்பாவின் முன்னால் நின்றாள்.

"தம்பி உங்க பொறுப்பு."

"சரி, சரி."

"சரி இல்லப்பா. திருப்பிச் சொல்லுங்க."

சித்தப்பா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை.

"தம்பி என் பொறுப்பு" என்றார். படியில் இறங்கித் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கரையில் கிடந்த அவருடைய போன் மூன்று முறை அடித்தது. அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.