எழுதினவன் கையெழுத்து

தூத்துக்குடியின் ஆனிக் காற்று இருக்கிறதே, கையில் வைத்திருப்பதைப் பறித்துக்கொண்டு ஓடும்! அன்று அது பறித்தது செல்லக்கனியின் கல்லூரி விண்ணப்பத்தை. பெண்கள் கல்லூரி வாசலில் தாள் பறக்க, எதிரே வந்த ஒருவன் சட்டென்று காலால் மிதித்து நிறுத்தினான்.

“படிக்கிற காயிதத்தக் காலால மிதிப்பாகளா?”

தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் முறைத்தாள் பாருங்கள்... அந்தக் கண்களைப் பார்த்தவன் போகிற வழியையே மறந்துபோனான். மாசானம் என்று பெயர். கப்பல் கம்பெனியில் குமாஸ்தா; தங்கையைச் சேர்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான்.

அது நாற்பத்தெட்டாம் வருஷம். இப்போதுபோலப் பிள்ளைகள் தாங்களாகவே போய்ச் சேர்ந்துகொள்கிற காலமா அது! சாத்தான்குளத்துக் கருப்பட்டி வியாபாரி அய்யாக்குட்டி, தலையணை, கூஜா, முறுக்கு டின் சகிதம் மகள் செல்லக்கனியோடு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார். வகுப்புக்குள் நுழைந்து பெஞ்சை ஆட்டிப் பார்த்து, விடுதி மதரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் ஆயிற்று. சொந்தபந்தம் அத்தனையும் வேண்டாமென்று தடுத்தும் கேட்காத மனுஷர். அவருக்கு ஒரே நிபந்தனைதான்... மகள் பெயரில் ஒரு பேச்சு வந்தால் மறுநாளே படிப்புக்கு முழுக்கு.

இரண்டு வருஷ இன்டர்மீடியட் படிப்பு; விண்ணப்பம் முழுக்க இங்கிலீஷ். தானே எழுதுகிறேன் என்றாள் செல்லக்கனி. அப்பா விடவில்லை. தன் பத்திரத்தை யாராவது தானே எழுதிக்கொள்வார்களா என்று கேட்டு, மாசானத்தைப் பிடித்து உட்காரவைத்தார். முத்து முத்தான எழுத்து! அவள் கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது.

கடைசிப் பக்கத்தில், விடுதிக்கு வந்து பெண்ணைப் பார்க்கலாம் என்கிற ஆண்களின் பட்டியல். தன் பெயர் ஒன்று போதும் என்றார் அப்பா. பிறகு, அதன் கீழே காலியாக இருந்த வரியில் விரலை வைத்தார். எழுதினவன் கையெழுத்து இல்லாத பத்திரம் எந்தக் கோர்ட்டிலும் நிற்காதாம்.

“போடுங்க தம்பி.”

மாசானம் தயங்கினான். அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். போட்டுவிட்டான். அவள் எங்கே தாளைப் பார்த்தாள்? எழுதியவனையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்!

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டியலில் உள்ள மாசானம் என்பவர் பார்க்க வந்திருப்பதாக மதர் சொன்னபோதுதான், அவன் கையெழுத்துப் போட்ட வரி எது என்று அவளுக்குப் புரிந்தது. அப்பாவின் நிபந்தனைதான் முதலில் ஞாபகம் வந்தது. அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்கமாட்டோமா என்று ஏங்கியதும் உண்மைதான்... அதை யாரிடம் சொல்ல?

பார்வையாளர் அறையில், பெஞ்சின் மறுகோடியில் மதர் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். பெயரை அடித்துவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றான் மாசானம்.

“எங்க அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒங்களுக்குமா தெரியாது?”

“தெரியும்... தெரிஞ்சுதான் போட்டேன். ஒங்களத் திரும்பப் பாக்கணும்னு இருந்துச்சு.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆசையாய் வந்த படிப்பு இந்த ஒரு வரியால் போய்விடாதா? அவன் தலை குனிந்தான். அது உறைத்துத்தான் நேற்றே சாத்தான்குளம் போய், அவள் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு வந்ததாகச் சொன்னான்.

“அப்பா என்ன சொன்னாக?” என்றாள் அவள்.

“எல்லாத்தயும் முழுசாக் கேட்டாவ. பொறவு, ‘எம் மவ படிச்சு முடிக்கட்டும். அதுவரைக்கும் நீரு அந்த வாசல மிதிக்கப்படாது. போயி மொதல்ல ஒம்ம பேர அடியும்’னாவ.”

மதரிடம் தாளைக் கேட்டு வாங்கித் தன் பெயரின் குறுக்கே கோடு கிழித்தான். அவளைத் திரும்பியும் பாராமல் வாசலை நோக்கி நடந்தான். அவன் போகப் போக அவளுடைய வீம்பெல்லாம் எங்கேயோ ஓடிப்போயிற்று.

“நில்லுங்க” என்றாள். ஜெபமாலை நின்றது.

“ரெண்டு வருஷந்தான... படிச்சு முடிச்சதும் ஒங்களத்தான் கட்டிக்கிடுவேன். இதயும் சாத்தான்குளத்துக்குப் போயி எங்க அப்பாட்ட நீங்களே சொல்லிருங்க.”