போகாத இடத்திலிருந்து

கையிலிருந்த மூடி போட்ட காபிக் கோப்பைக்கு எடையே இல்லை. ஃபெர்கஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரி கேன்டீன் காபியில் சாரம் இருப்பதாக சிட்னியில் யாரும் குற்றம் சாட்டியதில்லை. மதியம் இரண்டரை மணி. ஏசியின் ரீங்காரமும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், ஜன்னலுக்கு வெளியே யூகலிப்டஸ் கிளையில் மேக்பை பறவை ஒன்று ஒரே ராகத்தைத் திரும்பத் திரும்பப் பாடுவதும் சேர்ந்து லேப் முழுக்க மந்தத்தைப் பூசியிருந்தன. மூன்று மணிக்கு ட்யூட்டர் ரோவன் வருவார். அதற்குள் அவனும் டேனிகாவும் எழுதிய கெர்னல், கணினியை இயக்கும் அந்த அடிப்படை நிரல், தன் முதல் ப்ராசஸை, அதாவது தன் கீழ் ஓடும் முதல் நிரலை, ஓட்டிக் காட்டாவிட்டால் இந்த வருடம் போச்சு.

"எங்கடா போயிட்ட?" என்றாள் டேனிகா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"காபி வாங்க."

"எனக்கு?"

"கைலயே வச்சிருக்க. அப்புறம் என்ன?"

அவள் தன் கையிலிருந்த கோப்பையை இப்போதுதான் பார்ப்பவள் போலப் பார்த்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"மத்த ப்ராசஸ் எல்லாம் இன்னொண்ணுலேர்ந்து பொறக்குது. முதல் ஒண்ணுக்கு அம்மாவே கிடையாதே, அதை எப்படிக் கிளப்புறது?" என்றாள்.

"பொய் சொல்லணும். ஏற்கெனவே ஓடிட்டிருந்துச்சு, நடுவுல கெர்னல்கிட்ட ஏதோ கேக்க வந்துச்சு, இப்பத் திரும்பிப் போகுதுன்னு காட்டுற மாதிரி, எங்க நின்னுச்சு, கைல என்ன இருந்துச்சுன்னு ரிஜிஸ்டர் எல்லாத்தையும் நிரப்பி வை. நம்பி நடக்க ஆரம்பிச்சிடும்."

"போகாத இடத்துலேர்ந்து திரும்பி வரணுமா? பாவம்டா."

"அதுக்கென்ன தெரியப்போகுது."

டேனிகா நிரப்பினாள். ஓட்டினாள். முதல் ப்ராசஸ் சொல்ல வேண்டுமென்று அவள் எழுதி வைத்திருந்த ஒரே வார்த்தை திரையில் வந்தது.

வந்துட்டேன்.

வருடம் பிழைத்தது. கொண்டாட ஒரு வாய் குடிக்கலாமென்று ஃபெர்கஸ் மூடியைத் திறந்தான்.

உள்ளே வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டுகூடப் பட்டதில்லை.

கேன்டீன் வரிசையை நினைத்துப் பார்த்தான். வரவில்லை. படிக்கட்டு. வரவில்லை. அவன் நினைவின் முதல் பக்கமே கையில் கோப்பையோடுதான் தொடங்கியது.

"டேனிகா. காலைல என்ன சாப்பிட்ட?"

அவள் விரல் விசையிலேயே நின்றது.

"ஃபெர்கஸ்... என் வீடு எங்க இருக்கு?"

மேக்பை பாதி ராகத்தில் நின்றது. ஏசியும். வாடையும்.

மணி இன்னும் இரண்டரை.

கதவு திறந்தது. ரோவன். கையில் கோப்பை.

"வந்துட்டேன்," என்றார்.

அவருக்குப் பின்னால், வராந்தா இருக்க வேண்டிய இடத்தில், இருட்டுகூட இல்லை. அங்கே இன்னும் எதையும் நிரப்பவில்லை.