பதினொரு கூடை

“எல்லாரும் எறங்கி வந்துட்டாங்களா அக்கா?”

மூன்று வருடங்களுக்கு முன்பு, மண் தள்ளும் பெக்கோ இயந்திரத்தின் மேலே உட்கார்ந்தபடி துஷாந்த் ஜீவராணியிடம் கேட்ட கேள்வி அது. அப்போது அவள் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணி. மழையில் நனைந்துகொண்டே கொழுந்து நிறுக்கும் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். பதினொரு கூடைகள் வரிசையாக இருந்தன. அவளுடைய ஆட்கள் பதினொரு பேர். “எல்லாம் வந்தாச்சு” என்று கையைக் காட்டினாள்.

இந்தச் சனிக்கிழமை, கோல்ஃப் மைதானத்தின் முதல் குழியிலேயே அந்தக் கேள்வி அவள் காதுக்குள் திரும்பி வந்தது. கேட்க வேண்டிய ஒரு சத்தம் கேட்கவில்லை. புல்லின் மேல் உருண்டுபோன வெள்ளைப் பந்து குழிக்குள் விழும்போது அடியிலுள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தில் ‘டொக்’ என்று ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தம் அவளுக்கு மனப்பாடம். இன்று பந்து விழுந்தது, ஆனால் யாரோ கீழே கையை விரித்து அதை ஏந்திக்கொண்டதுபோல ஒரு சத்தமும் வரவில்லை.

“என்ன ஜீவா, முழிச்சுக்கிட்டு நிக்கிற? எடு” என்றார் ஜெயகாந்தன்.

அவள் குனிந்து எடுத்தாள். பந்து ஈரமாக இருந்தது. பச்சைக் கொழுந்தின் வாசம் அடித்தது.

ராகலைக்கு மேலே இருந்த அந்த ஏழாம் நம்பர் மலையில் இப்போது தேயிலை ஒரு தூர்கூட இல்லை. ஹோட்டல்காரர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒன்பது குழிகளோடு கோல்ஃப் மைதானம் போட்டிருந்தார்கள். தோட்டத்தில் சின்னத் துரையாக இருந்த ஜெயகாந்தன் ஹோட்டலுக்கு மாறி மைதானத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். கூடை சுமந்த முதுகில் ஜீவராணி அவருடைய மட்டைப் பையைச் சுமந்தாள். அந்த வேலையை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்பது அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

“பையில மட்டை எத்தனை? எண்ணு பாப்பம். நீதான் நல்லா எண்ணுவியே.”

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் சொல்லிச் சிரிக்கும் பகிடி இது. அவள் எண்ணினாள். பதினான்கு. அவர் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். மூன்று வருடங்களாக அந்தச் சிரிப்பை அவள் விழுங்கி விழுங்கி, அது வயிற்றுக்குள் ஒரு கல்லாகக் கிடந்தது.

இரண்டாம் குழியில் பந்துக்கு அடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் இருந்தன. மூன்றாம் குழியில் ஒரு கைப்பிடிக் கொழுந்து இருந்தது. அதைத் தொட்டதும் அவள் கையை இழுத்துக்கொண்டாள். கொழுந்து சூடாக இருந்தது. அமுக்கி நிரப்பிய கூடையில் மத்தியானத்துக்கு மேல் கொழுந்து சூடேறும். பக்கத்தில் எங்கும் தேயிலை இல்லாத இடத்தில், அப்போதுதான் நிரப்பிய கூடையிலிருந்து அள்ளிப் போட்டதுபோல அந்தச் சூடு.

“எவன்டா இந்த வேலை பாக்கிறது” என்று அவர் அதைக் காலால் எத்தினார். “திங்கக்கிழமை காலையில பெரட்டுல, பேர் கூப்பிடும்போது கேக்கிறேன்.”

நான்காம் குழிக்குப் போகும்போது பனிமூட்டம் இறங்கியது. மணி நாலுகூட ஆகவில்லை. முதலில் மலையின் உச்சி போயிற்று, பிறகு ஹோட்டலின் சிவப்புக் கூரை போயிற்று, பிறகு பத்தடி தள்ளி நட்டிருந்த கொடி வெறும் துணியாக அந்தரத்தில் அசைந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டக். டக். டக். இரண்டு கையாலும் வேகமாகக் கொழுந்து முறிக்கும் சத்தம். இருபது வருடங்கள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றவள் அவள். அது யாருடைய கை என்றுகூட அவளால் சொல்ல முடியும். மூன்று முறிப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று.

பேச்சியம்மா அப்படித்தான் பறிப்பாள்.

கடைசிக் கொழுந்து எடுத்த அன்று பேச்சியம்மாவின் தோடு தேயிலைக்குள் விழுந்துவிட்டது. கூடையைப் பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்த சர்மிளாவிடம் கொடுத்துவிட்டு, தூருக்கு அடியில் குனிந்து தேடப் போயிருந்தாள். சர்மிளா இரண்டு கூடைகளைக் கொண்டுவந்து வைத்தாள். கொட்டிலில் இருந்தது பத்துப் பேர், பதினொரு கூடை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் எவரும் தலையை எண்ணுவதில்லை. ஜீவராணியும் எண்ணவில்லை. மேலேயிருந்து தள்ளிய மண் பேச்சியம்மா குனிந்திருந்த பள்ளத்தை நிரப்பியது.

அன்று பொழுது சாயும்போது ஜீவராணிக்கு விஷயம் புரிந்தது. ஓடிப்போய் ஜெயகாந்தனின் காலில் விழுந்தாள்.

“தோண்டச் சொல்லுங்க தொர. உசுரு இருக்கும்.”

அவர் மண்ணைப் பார்த்தார். “தோண்டினா மொதல்ல உன்னத்தான் உள்ள போடுவாங்க. எண்ணினது நீ” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவ கொழும்புக்கு ஓடிட்டா. சரியா?”

அவள் தலையாட்டினாள். மறுநாள் அந்த மண்ணின் மேல் புல் பதித்தார்கள். ஒன்பதாம் குழி.

ஏழாம் குழியில் பந்தோடு ஒரு தோடு வந்தது. சிவப்புக் கல். திருகாணி இல்லை.

“யாருட்டு இது?”

“பேச்சியம்மாட்டு சார்.”

அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு தோட்டைப் பறித்துப் பனிமூட்டத்துக்குள் வீசினார். அது எங்கும் விழவில்லை. கொழுந்து முறிக்கும் சத்தம் மட்டும் நின்றது.

“போயிரலாம் சார்.”

“இன்னும் ரெண்டுதானே. பயந்தா நீ போ” என்றார். ஆனால் பையை விடவில்லை. அதன் வாரைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு மிக நெருக்கமாக நடந்தார்.

எட்டாம் குழியில் ஒன்றும் இல்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

ஒன்பதாம் குழி. கொடி தெரியவில்லை. அவர் சும்மா ஒரு தட்டுத் தட்டினார். பந்து தானாக வளைந்து, மேட்டில் ஏறி, உள்ளே போனது.

சத்தம் இல்லை.

“எடு ஜீவா.”

அவள் அசையவில்லை. மூன்று வருடங்களில் முதல் தடவை.

“சனியன்” என்று அவரே முழங்காலிட்டார். வெள்ளைக் கையுறை போட்டிருந்த கையை விட்டார். மணிக்கட்டு போனது. முழங்கை போனது. ஒரு சாண் ஆழக் குழிக்குள் தோள்வரை போனது. கன்னம் புல்லில் அழுந்தியது.

“ஜீவா. பிடிச்சிருக்கு. கைய யாரோ...”

அவள் பார்த்தாள்.

“இழு. ஜீவா. தோண்டு. தோண்டச் சொல்லு.”

அந்தச் சொல்லைக் கேட்டதும் வயிற்றுக்குள் கிடந்த கல் அசைந்தது. அவள் பையைத் தோளில் மாட்டினாள். திரும்பி நடந்தாள். பின்னால் அவர் குரல் கேட்டது. பிறகு புல் கிழியும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

கேட்டின் அருகே கொட்டிலில் துஷாந்த் சாவியோடு நின்றான். பெக்கோ போன பிறகு அவன் இங்கே காவல். அவள் இறக்கிவைத்த பையைப் பார்த்தான்.

“பை வந்துட்டு. எல்லாரும் வந்துட்டாங்களா அக்கா? பூட்டவா?”

அவள் பையைப் பார்த்தாள். பதினான்கு மட்டை. எல்லாம் சரி.

“எல்லாம் வந்தாச்சு.”

“நீங்க மட்டையத் தொடச்சிட்டு சின்னப் படலை வாசலால போங்க. வர்றேன்க்கா.” அவன் கேட்டைப் பூட்டிவிட்டுப் போனான். மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் கரைந்தது.

அவள் துணியை எடுத்தாள். துடைத்தாள். வாசம் வந்தது. பச்சைக் கொழுந்து. ஈர மண்.

காலடி.

பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி வந்தாள். தலையில் கயிறு, முதுகில் கூடை. பாரத்தால் முதுகு வளைந்திருந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் மண். இரண்டு காதிலும் சிவப்புக் கல். கூடை நிறையக் கொழுந்து. கொழுந்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கையுறை. அதன் விரல்கள் மெல்ல மடங்கி, விரிந்து, மறுபடி மடங்கின.

கையில் இன்னொரு கூடை. காலி.

ஓர் ஆள். இரண்டு கூடை. இந்த முறை ஜீவராணி சரியாக எண்ணினாள்.

பேச்சியம்மா காலிக் கூடையை ஜீவராணியின் காலடியில் வைத்தாள். அதன் கயிற்றை, தலையில் மாட்டத் தோதாக, ஒழுங்காக மடித்துவிட்டாள். பிறகு ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் இறங்கிப் போனாள்.