பூச்சி தொடாத பக்கம்

சத்யப்பிரியா வக்கீல் வேணியோட ஆபீஸ் படியில தயங்கித் தயங்கி ஏறினா. அரியலூர் பஸ் ஸ்டாண்டுல இறங்கினப்பவே திரும்பிப் போயிடலாமான்னு பார்த்தா. ஆனா வூட்டுக்குப் போயி என்ன சொல்றது? அப்பா காதுக்கு விஷயம் போச்சுன்னா போனைப் புடுங்கிக்கிட்டு, காலேஜும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொந்த ஊரு மீன்சுருட்டியிலயே உக்கார வெச்சிருவாரு.

"மொதல்ல தண்ணி குடி. அப்புறம் சொல்லு," ன்னாங்க வேணி.

சொன்னா. இணையக் கலைக்களஞ்சியத்துல அவ எழுதுறவ. அங்க யாரு வேணா எழுதலாம், ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் காட்டணும். ஏரி மதகுகளைப் பத்திப் பேராசிரியர் குருநாதன் எழுதின ஆராய்ச்சி நூலுக்கு அதுல ரெண்டே வரிதான் கெடந்துச்சு. பெரம்பலூர்ல ஒரு படிப்பகத்துல உக்காந்து அந்த நூலைப் படிச்சு, கட்டுரையை அத்தியாயம் அத்தியாயமா வளர்த்துட்டா. அதுல ஒரு வரி: மதகுக் கல்வெட்டு போலின்னு நூலாசிரியர் சொல்றாரு, பக்கம் 87.

"குருநாதன் சார் பார்த்துட்டாரு மேடம். அங்க என்னைப் பத்தின பக்கத்துல பேரு, காலேஜு, நம்பர் எல்லாம் போட்டு வெச்சிருந்தேன். 'அது அசல்னு சொல்லத்தான்டி நான் புத்தகமே எழுதினேன், என் வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே'ன்னு போன்ல கத்துறாரு. நாளைக்குக் காலேஜுக்கு வந்து பிரின்சிபால்கிட்ட சொல்லப் போறாராம். அவர்கிட்ட இருக்கிற புத்தகத்தோட 87ஆம் பக்கத்தைப் படம் புடிச்சு அனுப்பியிருக்காரு."

படத்துல மதகோட வரைபடம் மட்டும்தான். ஒரு வரி எழுத்துகூட இல்ல.

வேணியோட ஜூனியர் ரஞ்சித்குமார் துள்ளிக் குதிச்சான். "ஹேக்கிங் மேடம்! எவனோ இவ அக்கவுண்டுல பூந்துட்டான்!"

"இல்லண்ணே, நான்தான் எழுதினேன்."

"அப்ப வேற பதிப்பு!"

"ஒரே பதிப்புதான்னு அவரே சொல்றாரு."

"ரஞ்சித்து, நீ போயி டீ சொல்லிட்டு வா," ன்னாங்க வேணி.

சத்யாவுக்கு அழுகை முட்டுச்சு. "நானே கனவு கண்டு எழுதிட்டேனோன்னு பயமா இருக்கு மேடம். ஆனா நல்லா ஞாபகம் இருக்கு. புத்தகம் பூரா ஓரத்துல பூச்சி அரிச்ச ஓட்டை. அந்த எடம் மட்டும் சுத்தமா இருந்துச்சு. அதுக்கு முன்னாடி ஒரு வாக்கியம் பாதியில நின்னுச்சு. அச்சுல விட்டுப்போச்சு போலன்னு நெனைச்சேன்."

வேணி பேனாவைக் கீழ வெச்சாங்க. "புத்தகத்துக்கு அட்டை எப்படி?"

"பழைய அட்டை இல்ல மேடம். புதுசா பைண்டிங் பண்ணது."

வேணி போனை எடுத்தாங்க. "குருநாதன் சாருங்களா? காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடி பெரம்பலூர் படிப்பகத்துக்கு ஒரு எட்டு வாங்க. உங்க நியாயத்தை அங்கயே பேசிடலாம்."

மறுநாள் காலையில படிப்பகத்துல குருநாதன் கைத்தடியோட நின்னாரு. சத்யா அவர் மூஞ்சியைப் பார்க்கவே இல்ல. படிப்பகத்தைப் பார்த்துக்கிற மாயவன் புத்தகத்தைக் கொண்டாந்து வெச்சாரு.

வேணி 87ஐத் திறந்தாங்க. சத்யா எழுதினது அப்படியே இருந்துச்சு. அவ கண்டது கனவு இல்ல.

"இது நான் எழுதினதே இல்ல!" ன்னு குருநாதன் அலறினாரு.

"ஆமாங்க சார், நீங்க எழுதல. இந்தப் பொண்ணும் பொய் சொல்லல. பூச்சியைக் கேளுங்க." வேணி ஓட்டைக்குள்ள ஒரு குச்சியை விட்டாங்க. "பூச்சி தாளைத் தொளைச்சுக்கிட்டே போகும், நடுவுல தாண்டிக் குதிக்காது. இங்க எண்பது வரைக்கும் ஓட்டை. அப்புறம் பதினாறு பக்கத்துக்கு இல்ல. மறுபடி தொண்ணூத்தேழுல அதே எடத்துல ஓட்டை. அச்சகத்துல பதினாறு பக்கத்தை ஒரே பெரிய தாள்ல அடிப்பாங்க, அதான் ஒரு ஃபாரம். அதைத்தான் மடிச்சுத் தைப்பாங்க. அப்ப நடுவுல இருக்கிற ஃபாரம் வேற புத்தகத்தோடது. மாயவன் அண்ணே, இதோட சேர்த்து எதை பைண்டிங்குக்குக் குடுத்தீங்க?"

மாயவன் தலையைச் சொறிஞ்சாரு. "மழையில நனைஞ்சு கட்டு விட்டுப்போச்சுங்க. இதையும், இதே மதகைப் பத்தி செல்லப்பன் சார் எழுதின புத்தகத்தையும் ஒண்ணாக் குடுத்தோம். ரெண்டும் ஒரே அச்சகம், ஒரே சைசு."

ரஞ்சித்குமார் ஓடிப்போயி செல்லப்பன் புத்தகத்தை எடுத்தாந்தான். முழுசும் சுத்தம், நடுவுல மட்டும் ஓட்டை. 87ஆம் பக்கத்துல குருநாதனோட வரைபடம்.

"செல்லப்பனா! அந்தக் கல்வெட்டு போலின்னு ஊர் ஊரா சொல்லிக்கிட்டுத் திரியிறவன். அவன் புத்தகத்தை நான் கையால தொட்டதில்ல." சொல்லிக்கிட்டே குருநாதன் தன் புத்தகத்துக்குள்ள மாட்டியிருந்த செல்லப்பன் பக்கத்தை நின்னபடியே படிச்சு முடிச்சாரு. "தப்பைக்கூட எவ்வளவு அழகா எழுதியிருக்கான் பாரு, படவா."

அப்புறம் சத்யா பக்கம் திரும்பினாரு. குரல் எறங்கியிருந்துச்சு. "கோவத்துல கத்திட்டேன்மா, மனசுல வெச்சுக்காத. அந்த வரியை எடுத்துட்டு, 'மிக அருமையான நூல்'னு ஒண்ணு சேர்த்துடு."

சத்யா போனைக் கையில எடுத்தா. "அதை வேற யாராவது எழுதியிருக்கணும் சார். ஆதாரம் இல்லாம போட முடியாது."

ரஞ்சித்குமார் கண்ணை மூடிக்கிட்டான்.  குருநாதன் கைத்தடி ஆடுற அளவுக்குச் சிரிச்சாரு.

"இவளைப் பத்தியா பிரின்சிபால்கிட்ட புகார் சொல்ல இருந்தேன்? செல்லப்பன் புத்தகத்துக்கும் ஒரு கட்டுரை எழுதும்மா. அவன் சொன்னதை அவன் பேருலயே போடு. ஆதாரத்தோட நான் சண்டைக்கு வரேன்."

சத்யா அங்கயே போன்ல அந்த வரியை எடுத்தா. காரணம்னு இருந்த எடத்துல 'பைண்டிங்கில் பக்கங்கள் மாறியிருந்தன'ன்னு அடிச்சா. வெளிய வந்தா, ரோட்டோரக் கடையில புரோட்டா கல்லு சத்தம். நேத்துலேருந்து ஒரு வாய்கூட எறங்கலைங்கறது அப்பதான் ஞாபகம் வந்துச்சு.

"மேடம், சாப்பிட்டுப் போலாமா? பயங்கரமா பசிக்குது."