கோர்டன் ரூடின் நான்கு போல்ட்டுகள்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.20.

கோர்டன் ரூட் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிப் பட்டறைக் கதவைத் திறந்தார். மேசைமேல் அவருடைய துப்பாக்கி வைத்தது வைத்தபடி இருந்தது. அதன் போல்ட்டைத்தான் காணோம். பின்பக்கம் செருகி இழுத்துத் தள்ளுகிற அந்த இரும்பு உருளை இல்லாவிட்டால், எப்பேர்ப்பட்ட துப்பாக்கியும் வெறும் குழாய். இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அதில் இருந்த மூன்று துப்பாக்கிகளுக்கும் அதே கதி.

3.55. துணை ஷெரிஃப் லொரைன் ஸ்டாவிக் வந்து சேர்ந்தாள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், அந்த மூலையில் திருட்டு என்றால் மாடு போகும், இல்லையென்றால் டீசல் போகும். இப்படி ஒரு திருட்டை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"வேற என்ன போச்சு?"

"ஒண்ணும் போகல."

"இந்த ஸ்கோப்?"

"போன வாரம் வந்தது. என் வண்டியை வித்தாலும் அந்த விலை வராது. அதுமேல கையே வைக்கல."

"பூட்டு?"

"உடைக்கல. சாவி என்கிட்ட ஒண்ணு, மாப்பிள்ளை கர்ட்கிட்ட ஒண்ணு, கூட்டாளி டுவைட்கிட்ட ஒண்ணு. பெட்டி நம்பர் ஜாய்ஸ் பொறந்த தேதி. அது ரெண்டு பேருக்கும் தெரியும்."

ஜாய்ஸ் அவருடைய மனைவி. மார்ச் மாதம் இறந்துபோனாள். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் ஒரு மணி முதல் மூன்று மணிவரை கோர்டன் கல்லறையில்தான் இருப்பார். அது ஊருக்கே தெரியும், திருடனுக்கும் தெரிந்திருக்கிறது.

லொரைன் மேசையருகே குனிந்தாள். போல்ட் இருந்த இடத்தில், குண்டு நுழையும் அறைக்குள், ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொடி செருகியிருந்தது.

"இது நீங்க போட்டதா?"

"துப்பாக்கி சுடற போட்டி மைதானத்துல போடுவோம், அறை காலின்னு பக்கத்துல இருக்கறவனுக்குத் தெரியணுமே. வீட்டுல எதுக்கு? கொடியெல்லாம் அந்த இழுப்பறையில கிடந்துச்சு."

"இதைத் தூக்கிப் பாக்கலாமா?"

"பாரேன். ரெண்டு மாச வேலை. பழைய மரக்கட்டையைக் கழட்டிட்டு அலுமினியச் சேஸி போட்டேன். நீளம், உயரம் எல்லாம் நம்ம உடம்புக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கலாம்."

லொரைன் துப்பாக்கியைத் தோளில் அணைத்தாள். கன்னம் தானாகக் கன்னத்தாங்கியில் போய் உட்கார்ந்தது. ஸ்கோப்புக்குள் ஜன்னலுக்கு வெளியே நின்ற பைன் மரம் பளிச்சென்று தெரிந்தது. தனக்கென்றே தைத்த சட்டைபோல இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு திருகின் தலையிலும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது.

"இது என்ன கோடு?"

"திருகை அளவா முறுக்கி முடிச்சதும் போடுவேன். அது நகர்ந்தா கோடு விலகிடும், உடனே தெரிஞ்சுடும். கோடு போட்டாச்சுன்னா அந்த வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்புறம் தொட மாட்டேன்." கோர்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சனிக்கிழமை போட்டி இருக்கும்மா. அதுக்குள்ள எனக்கு போல்ட் வேணும். ஒண்ணாவது வேணும்."

சொல்லிவிட்டு வாசற்படியில் தலையைக் குனிந்து வெளியே போனார். ஆறடி நான்கு அங்குல மனிதர். எந்தக் கதவிலும் அவர் குனிந்துதான் போக வேண்டும்.

4.40. டயர் கடை. கர்ட் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"போல்ட்டா? இங்க டப்பா டப்பாவா கிடக்கு. எந்த சைஸ் வேணும்?"

"துப்பாக்கி போல்ட், கர்ட்."

"அது கழண்டு வேற வருமா? எனக்குத் துப்பாக்கியப் பத்தி ஒரு இழவும் தெரியாது. மாமா என்னை மனுஷனா மதிக்காததே அதனாலதான்."

இவன் பொய் சொல்ல வேண்டுமானால் முதலில் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். லொரைன் வண்டியைக் கிளப்பினாள்.

5.15. கடைத்தெருக் காப்பிக் கடை. சனிக்கிழமைப் போட்டியின் பெயர்ப் பட்டியல் சுவரில் ஒட்டியிருந்தது. பெயர் கொடுக்கும் கடைசி நாள் போன வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தது. லொரைன் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தாள். டுவைட் கெல்லஹர் பெயர் இருந்தது. கோர்டன் ரூட் பெயர் இல்லை.

டுவைட் மூலை மேசையில் தட்டில் வைத்த ஆப்பிள் கேக்கைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கோர்டனுடன் முப்பது வருட சிநேகம். முப்பது வருடமாகக் கோர்டன் முதலில் வருவார், இவர் இரண்டாவது வருவார். குள்ளமான மனிதர், லொரைனின் உயரம்தான்.

"மத்தியானம் எங்க இருந்தீங்க?"

"வீட்டுல."

"கோர்டன் பட்டறைக்கு?"

"மூணு வாரமா அந்தப் பக்கமே போகல."

"போனீங்க டுவைட். போல்ட்டை எடுத்தது நீங்கதான்."

டுவைட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "ஜெயிக்கறதுக்காக எடுத்தேன்னு சொல்றியா?"

"ஊரே அப்படித்தான் சொல்லும். ஆனா அவர் போட்டிக்குப் பேரே குடுக்கல. சுவத்துல இருக்கு, நீங்களும் பாத்திருப்பீங்க. விக்கறதுக்கு எடுத்தவன் ஸ்கோப்பை விட மாட்டான். கர்ட்டுக்கு போல்ட் கழட்டவே தெரியாது. வந்தவர் போல்ட்டை உருவினதும் இழுப்பறையைத் திறந்து கொடியைச் செருகியிருக்கார். திருடப் போன இடத்துலகூடக் கை சும்மா இருக்கல. முப்பது வருஷம் மைதானத்துல நின்ன கை அது."

டுவைட் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஏன் எடுத்தீங்கன்னுதான் எனக்குப் புரியல. அப்புறம் என் தோள் ஞாபகம் வந்துச்சு. அந்தத் துப்பாக்கி எனக்கு அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. கோர்டன் உயரத்துக்கு அதைத் தோள்லயே வைக்க முடியாது. பின்கட்டை, கன்னத்தாங்கி எல்லாத்துலயும் வெள்ளைக் கோடு. வேலை முடிஞ்சுது. அவர் அதைத் தனக்குச் செய்யல. உங்களுக்குச் செஞ்சிருக்கார்."

டுவைட்டின் முகம் கலைந்தது.

"சூப் குடுக்கப் போனேன். அவன் எங்க சாப்பிடறான். அடுப்புமேல வெச்சுட்டுப் பட்டறைக்குள்ள போனேன். மேசைமேல அது இருந்துச்சு. சும்மா தோள்ல வெச்சேன், பொருந்திடுச்சு. ஒரு திருப்புளியைக்கூட இரவல் தராத பய லொரைன் அவன். தான் தொடுற கடைசித் துப்பாக்கியை எனக்குன்னு பண்ணி வெச்சிருக்கான். ஒரேயடியா போகப் போறவன்தான் இப்படிப் பண்ணுவான். நாலு போல்ட்டையும் உருவிட்டு ஓடி வந்துட்டேன்."

"அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"என்னன்னு கேக்கறது? முப்பது வருஷமா காத்து, தூரம், திருகு, இதைத்தானே பேசியிருக்கோம். வேற எதுவும் பேசத் தெரியாதே எங்களுக்கு."

இத்தனை வருட வேலையில் ஒரு குற்றவாளிக்காக லொரைன் அழ நினைத்தது இதுதான் முதல் தடவை.

6.05. கோர்டனின் சமையலறை. சூப் பாத்திரம் மூடியபடியே அடுப்பின்மேல் இருந்தது. டுவைட்டைப் பார்த்ததும் கோர்டன் எழுந்துகொண்டார்.

"நீயாடா? குடு. என் பொருளை என்கிட்ட குடு."

"தர மாட்டேன்."

"லொரைன், கேட்டல்ல? திருட்டை ஒத்துக்கறான். எழுதிக்க."

"எழுதிக்கறேன்," என்றாள் லொரைன். "அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும், கோர்டன். சுத்தி வளைக்காம கேக்கறேன். சாகணும்னு நினைக்கிறீங்களா?"

கோர்டன் அவளைப் பார்த்தார். பிறகு டுவைட்டைப் பார்த்தார். அந்தப் பெரிய உடம்பு மெல்ல நாற்காலியில் இறங்கியது.

"ஆமா," என்றார்.

டுவைட் சிறு பிள்ளைபோல விம்மி அழுதார். "அடப்பாவி, எனக்கு எதுக்குடா அந்தத் துப்பாக்கி? நீ இல்லாம நான் யார்கூடடா ரெண்டாவதா வருவேன்?"

கோர்டனின் கை மேசைமேல் நகர்ந்து டுவைட்டின் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டது. அவருக்கும் அழுகை வந்துவிட்டது. ஏழு மாதமாக அவரை அழ வைக்க யாராலும் முடிந்ததில்லை, கல்லறையாலும் முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்," என்றாள் லொரைன். "இப்பவே போகலாம். நானும் கூட இருப்பேன்."

"நானும்தான்," என்றார் டுவைட், மூக்கை உறிஞ்சியபடி.

கோர்டன் கோட்டை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் குனியாமல் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்:

"இவன் ஒண்ணை விட்டுட்டான், லொரைன். மாடியில ஜாய்ஸ் அலமாரி, மேல்தட்டு. அங்க ஒரு கைத்துப்பாக்கி இருக்கறது இவனுக்குத் தெரியாது. நீ போய் எடுத்துக்க. நான் இங்கயே நிக்கறேன். டுவைட், என் கையை விடாதடா."